உதட்டில் ஒட்டும் பக்கம்

ஃப்ரீசரிலிருந்து எடுத்த தகர டப்பா வெதுவெதுப்பாக இருந்தது.

நோர்க்கா ஃப்ரீசரைத் திறந்தது தன் தாய்ப்பாலைக் கறந்து உறையவைத்த பைகளுக்காக. தினமும் காலை எட்டு மணிக்கு ஆறு பைகளை எடுத்துக் கையில் தூக்கும் குளிர்ப்பெட்டியில் அடுக்கினால்தான் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் குழந்தை நைராவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். மேல் தட்டில் தேதி எழுதிய பால் பைகள், கீழ்த் தட்டில் ஃபிலிம் டப்பாக்கள். வீட்டில் இருப்பது ஒரே ஃப்ரீசர், அதுவும் ஒரு முழ அகலம். ஒரு பால் பை பின்பக்கமாகச் சரிந்து டப்பாக்களுக்கு நடுவே விழுந்திருந்தது. அதை எடுக்க வழியில் இருந்த டப்பாவை நகர்த்தியபோதுதான் கையில் அது பட்டது. சூடு என்றுகூடச் சொல்ல முடியாது. பக்கத்தில் படுத்திருந்தவர் எழுந்து போன பிறகு மெத்தையில் கொஞ்ச நேரம் தங்குமே, அந்த மாதிரி.

ஃப்ரீசர் கெட்டுவிட்டதோ என்று அவள் பதறியது பாலுக்காகத்தான். ஒவ்வொரு பையாக எடுத்து அழுத்திப் பார்த்தாள். எல்லாம் கல்லாக இருந்தன. மற்ற பதினைந்து டப்பாக்கள்மேலும் உறைபனி வெள்ளையாகப் பூத்து, தொட்ட விரலைப் பிடித்துக்கொண்டது. இந்த ஒன்றில் மட்டும் பனி இல்லை. மூடியைச் சுற்றி ஒட்டிய நாடா ஊறிப் போய், ஓரத்தில் ஏதோ மஞ்சளாகக் கசிந்து பொருக்குத் தட்டியிருந்தது. சரிந்து விழுந்த பால் பை இதன்மேல்தான் சாய்ந்து கிடந்திருக்கிறது. பையின் ஒரு மூலை ஓட்டையாகி, உள்ளே ஒரு சொட்டு இல்லாமல், சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது. கீழே சிந்திய தடமும் இல்லை.

அவள் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனாள். தேதி போன ஃபிலிம் வாங்குகிறவர்கள் முதலில் செய்வது அதுதான். கெட்ட ஃபிலிம் காடி நாற்றம் அடிக்கும், மூடியைத் திறக்கும் முன்பே மூக்கைச் சுளிக்க வைக்கும். இதில் காடி நாற்றம் இல்லை. பால் குடித்துத் தூங்கும் குழந்தையின் கழுத்து மடிப்பைத் துடைக்காமல் விட்டால் மூன்றாம் நாள் ஒரு புளித்த வாடை வருமே, அது வந்தது. சொந்தக் குழந்தையாக இருந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும் வாடை.

"என்ன ஒல்லி, காலங்காத்தால டப்பாவ மோந்துக்கிட்டு நிக்கிற?"

புருஷன் ரொனால் பல் துலக்கியபடியே அடுப்படி வாசலில் நின்றான். அவன் டாக்ஸி ஓட்டுகிறவன், மதியத்துக்கு மேல்தான் வண்டியை எடுப்பான்.

"ஒண்ணுமில்ல. ஒரு பை ஓட்டையாயிடுச்சு."

"பொணத்தோட படுத்துக் கெடந்த டப்பாவப் பச்சப்புள்ள பாலுக்குப் பக்கத்துல வெக்காதன்னு அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? இரும்பு டப்பா, கறுப்புப் பை, நாடா, கிருமி போகாதுன்னு எனக்கு வகுப்பு எடுத்த. சனியனத் தூக்கிப் பனியனுக்குள்ள விட்ட கதையா இருக்கு."

"வாயக் கழுவிட்டு வந்து பேசு. நுரை தெறிக்குது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதெல்லாம் வீட்ட விட்டுப் போகணும். அவ்வளவுதான் சொல்லுவேன்."

வெள்ளிக்கிழமை என்று அவன் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நைரா எட்டு வாரம் முந்திப் பிறந்தவள். பிறந்தபோது ஒன்றரைக் கிலோ. ஐந்து வாரமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக் குழாயோடு கிடக்கிறாள். இரண்டு கிலோவைத் தொட்டால் வீட்டுக்கு அனுப்புவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நான்கு வாரம் ஒரு நாள் பத்து கிராம் ஏறினால் மறுநாள் பன்னிரண்டு கிராம் இறங்கும். அந்த எண்ணைக் கேட்டுவிட்டு நோர்க்கா ஆஸ்பத்திரிக் கழிவறையில் குழாயைத் திறந்து வைத்து அழுவாள். ஒன்பது நாளாகத்தான் ஏறுமுகம். நேற்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று நர்ஸ் கண்ணடித்துச் சொன்னாள்.

ஃபிலிம் வீட்டுக்கு வந்தும் ஒன்பது நாள்தான் ஆகிறது. நோர்க்கா அதை இதோடு சேர்த்து யோசித்ததில்லை.

அவளுக்கு இதுதான் தொழில். டப்பாவில் முப்பது மீட்டராக வரும் பழைய ஸ்லைடு ஃபிலிமை வாங்கி, இருட்டில் துண்டு போட்டு, கேமராவில் போடும் சின்னச் சின்ன ரோலாகச் சுற்றிக் கொடுப்பாள். லீமாவில் பர்ராங்கோ பக்கத்துப் பிள்ளைகள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடற்கரையில் அலைவதற்கு அவளிடம்தான் வந்து நிற்கும். ஒரு டப்பாவில் பதினெட்டு ரோல் தேறும். தேதி போய் எத்தனை வருஷம் ஆனாலும் பரவாயில்லை, குளிரில் இருந்திருந்தால் போதும். லீமாவின் ஈரத்தில் குளிருக்கு வெளியே வைத்த ஃபிலிம் ஆறே மாதத்தில் பூசணம் பூத்து மொத்தமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் விற்கிறவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்.

"எப்பவும் குளிர்லதான் இருந்துச்சா?"

இந்த டப்பாக்களை விற்ற எவுதோசியா என்ற கிழவியிடமும் நோர்க்கா அதைத்தான் கேட்டாள். செத்துப்போன அவள் புருஷன் ஒரு மருத்துவப் பள்ளியில் படம் பிடிக்கிறவர். புரொபசர்கள் பாடம் நடத்துவதற்கு ஸ்லைடு செய்து கொடுப்பது அவர் வேலை.

"குளிர்னா உங்க வீட்டு எங்க வீட்டுக் குளிரா கண்ணு?" என்றாள் கிழவி. "முப்பத்திரெண்டு வருஷம். பொணம் அறுக்குற எடத்துக் குளிர் ரூம்லதான் மேல் பரண்ல வெச்சிருந்தார். ஒரு நாள் கரண்டு போனதில்ல. அங்க படுத்திருந்தவங்க யாரும் தண்ணி எடுக்கக் கதவத் தொறந்து தொறந்து மூடவும் இல்ல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வேறு யாராக இருந்தாலும் டப்பாக்களை அப்படியே கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்திருப்பார்கள். நோர்க்காவுக்கோ வாயெல்லாம் பல். முப்பத்திரண்டு வருஷம், கதவு திறக்காத குளிர். இந்தத் தொழில்காரர்கள் காதில் அதற்குப் பிறகு வேறு எதுவும் ஏறாது. பதினாறையும் இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு, தையல் போட்ட வயிறு வலிக்க வலிக்கப் பஸ் ஏறினாள்.

இப்போது அடுப்படியில் அந்த வெதுவெதுப்பான டப்பாவை வைத்துக்கொண்டு அவள் நினைத்தது ஒன்றுதான். குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால் உள்ளே வேர்த்து ஃபிலிம் கெட்டுப்போகும், ஒரு நாள் முழுக்க வெளியே வைத்துத்தான் திறக்க வேண்டும். இது ஏற்கெனவே சூடாகத்தானே இருக்கிறது. இப்போதே சுற்றிவிட்டால் ஒரு டப்பா குறையும், ரொனாலின் வாயும் அடையும். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

குளியலறைதான் அவளுடைய இருட்டறை. ஜன்னல் கிடையாது. கதவுக்கு அடியில் துண்டைச் செருகி, வெந்நீர்ப் பெட்டியின் சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு நாடா ஒட்டி, வாஷ்பேசின்மேல் பலகை போட்டு, கத்தரிக்கோல் வலது பக்கம், காலி ரோல்கள் இடது பக்கம், ஒட்டும் நாடா நடுவில் என்று வைத்துவிட்டு அவள் கழிப்பறை மூடியின்மேல் உட்கார்ந்து விளக்கை அணைத்தாள். வெளியே லீமாவின் ஆகஸ்ட் காலை, சாம்பல் வெளிச்சம், தெருவில் எமோலியெந்தே என்ற மூலிகைக் கஷாயம் விற்கிறவனின் தள்ளுவண்டி மணி. உள்ளே எதுவும் இல்லை. ஒன்பது வருஷமாக இந்த இருட்டு அவளுக்குப் பழக்கம். ஈரச் சுவரின் பூசண வாடையும், சாக்கடைக் குழியின் வாடையும், போன வாரம் ரொனால் கழுவிவிட்ட பிளீச்சிங் வாடையும் எந்தெந்த மூலையிலிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும்.

டப்பாவின் நாடாவை நகத்தால் கிளப்பினாள். அது கிழியவில்லை. புண்ணின்மேல் போட்ட கட்டு வழுக்கிக்கொண்டு வருவது போல நீளமாக, சத்தமில்லாமல் வந்தது. மூடியைத் திருகியதும் அந்தப் புளித்த வாடை முகத்தில் அடித்தது. உள்ளே இருந்த கறுப்புப் பை கையில் ஒட்டியது. பைக்குள் கைவிட்டாள். நல்ல ஃபிலிம் சுருள் காய்ந்த தட்டு மாதிரி இறுக்கமாக, வழவழப்பாக, எடுத்தால் ஓரம் லேசாகச் சலசலக்கும். இது கனத்தது. நடுவில் அழுத்தினால் உள்வாங்கி, விட்டால் திரும்ப எழும்பியது. நேற்றைய கோழி சூப் ஆறி உறைந்த பிறகு மேலே விரல் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஃபிலிம்மேல் பூசிய மருந்தில் இருப்பது ஜெலட்டின்தானே, மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்ததுதானே, ஈரம் பட்டால் ஊறத்தானே செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

நுனியைத் தேடிப் பிரித்தாள். சுருள் அதைத் தயங்கித் தயங்கித்தான் விட்டது. இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். எது மருந்துப் பக்கம் என்று தெரியவில்லை. சாதாரணமாக ஃபிலிம் வளைந்திருப்பதை வைத்தே சொல்லிவிடலாம், இது ஈரத் துணியாகத் தொங்கியது. பக்கம் மாற்றிச் சுற்றிவிட்டால் படம் முழுக்கச் செக்கச் செவேலென்று வந்து பிள்ளைகள் சண்டைக்கு வந்துவிடும். இருட்டில் பக்கம் கண்டுபிடிக்க இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு வழிதான் உண்டு. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு ஃபிலிமின் நுனியை அதில் வைக்க வேண்டும். ஒட்டினால் மருந்துப் பக்கம், ஒட்டாவிட்டால் முதுகுப் பக்கம். நோர்க்கா ஆயிரம் தடவை செய்திருப்பாள். வெறும் பழக்கம். கை தானாக முகத்துக்கு வந்தது.

கீழ் உதட்டில் வைத்தாள். ஒட்டியது.

திருப்பி மறுபக்கத்தை வைத்தாள். அதுவும் ஒட்டியது.

எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. உதடு அதோடு சேர்ந்து முன்னால் நீண்டது. நாக்கில் லேசான உப்பு, லேசான தித்திப்பு, அதன் பின்னால் கெட்டுப்போன பல்லின் சுவை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அது இறுகியது. பிறகு விட்டது. மறுபடி இறுகியது. விட்டது.

இழுப்பு. விடுப்பு. இழுப்பு. விடுப்பு.

அது என்ன என்று அவளுக்கு முன்னால் அவள் உடம்பு தெரிந்துகொண்டது. ஐந்து வாரமாக மூன்று மணிக்கொரு தடவை பம்ப்பை மாட்டிக்கொண்டு உட்காரும் உடம்பு. மார்புக்குள் சுருக்கென்று ஊசி குத்தியது, இரண்டு பக்கமும் கனத்தது, பால் இறங்கியது. உள்ளாடை நனைந்து, சட்டை நனைந்து, வயிற்றில் சூடாக வழிந்தது. நிறுத்த முடியவில்லை. இருட்டில் ஒரு நாற்றம் பிடித்த பழைய சுருள் அவள் உதட்டைச் சப்பிக்கொண்டிருக்கிறது, அதற்கு அவள் உடம்பு பால் கொடுக்கிறது. அந்த வெட்கக்கேடுதான் அவள் கையை அசைய வைத்தது.

பிடித்து இழுத்தாள். பிய்ந்தது.

விளக்கைப் போட்டாள்.

மடியில் ஃபிலிம் கிடந்தது. இரண்டு விரல் அகலம், இரண்டு ஓரமும் ஓட்டை, வெளிச்சம் பட்டு வீணான சாதாரண ஃபிலிம். கண்ணாடியில் அவளுடைய கீழ் உதட்டில் மெல்லிய தோல் ஒரு நகத்தளவு உரிந்து, உள்ளே ரோஜா நிறமாக, பளபளவென்று இருந்தது. ரத்தமும் இல்லை, எரிச்சலும் இல்லை. மடியில் கிடந்த நுனியில் அந்தத் தோல் துண்டைத் தேடினாள். காணவில்லை.

பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ரொனால் கதவைத் தட்டினான். "ஏய், என்னாச்சு? தொறடி."

அவள் திறந்தாள். அவன் அவள் சட்டையைப் பார்த்தான், உதட்டைப் பார்த்தான், பிறகு மடியிலிருந்து தரையில் விழுந்து கிடந்ததைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு," என்றாள். "எனக்கு வேணாம். ஒண்ணுகூட வேணாம். எங்கயாவது தூரமாப் போட்டுட்டு வா."

நக்கலாக ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள். அவனோ கைக்குப் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு தரையில் கிடந்ததை அள்ளினான். அடுப்படிக்குப் போய் ஃப்ரீசரிலிருந்து மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் குப்பைப் பையில் போட்டான். நடுவில் ஒரு தடவை நிறுத்தினான்.

"ஃப்ரீசர் போச்சு போலிருக்கு ஒல்லி. எல்லா டப்பாவும் வெதுவெதுன்னு இருக்கு."

பால் பைகள் கல்லாக இருப்பதை அவள் காலையில் தொட்டுப் பார்த்தாயிற்று. அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். பதினாறு டப்பாக்களும் வீட்டை விட்டுப் போய்விட்டன. அவள் ஃப்ரீசரின் கீழ்த் தட்டை வெந்நீரும் பிளீச்சிங்கும் விட்டு மூன்று தடவை தேய்த்தாள், கையைத் தேய்த்தாள், வாயைக் கொப்பளித்தாள், துணி மாற்றினாள். பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து அந்த ஆறு பைகளையும் பார்த்தாள். ஒன்பது நாள் அந்த டப்பாக்களின் பக்கத்தில் இருந்த பால். இதைக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். ஆஸ்பத்திரிக்கே போய்ப் புதிதாகக் கறந்து கொடுக்கலாம். ஆனாலும் நர்ஸிடம் காட்டிவிட்டுக் கொட்டிவிடலாம் என்று பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் கூட்டம். மடியில் பெட்டி. பிரேக் போடும்போதெல்லாம் பெட்டிக்குள் பைகள் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பாதியாவது உருகியிருக்கும். தளும்பவில்லை. மூடியைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு பையை அழுத்தினாள். பால் உருகியிருந்தது, ஆனால் ஓடவில்லை. தெருமுனையில் பிளாஸ்டிக் கோப்பையில் விற்கிற ஜெல்லி மாதிரி நின்று, விரலுக்கு அடியில் நடுங்கியது. விரலை எடுத்த பிறகும் நடுங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். நோர்க்கா மூடிவிட்டாள். மீதி வழி முழுக்க ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்து வாயால் மூச்சு விட்டாள்.

குழந்தைகள் வார்டில் எப்போதும் போலச் சோப்பு வாடை, மெல்லிய மணிச் சத்தங்கள். கை கழுவும் இடத்திலேயே நர்ஸ் லூர்தெஸ் அவளைப் பிடித்துக்கொண்டாள். பருத்த பெண், எப்போதும் கேலிதான்.

"வாங்க அம்மணி. வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்ல? நான் பொய் சொல்லிட்டேன். உங்க பொண்ணு இன்னிக்கே ரெண்டாயிரத்து நாப்பது. ஒரே ராத்திரியில நூத்திமுப்பது கிராம். தராசு கெட்டுப்போச்சான்னு மூணு தடவ வெச்சுப் பாத்தோம். குழாயையும் எடுத்தாச்சு."

ஐந்து வாரமாக நோர்க்கா காத்திருந்த எண். சந்தோஷமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"சிஸ்டர், இந்தப் பாலு வேணாம். கெட்டுப் போயிருக்கு. பாருங்க."

லூர்தெஸ் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். "இதுவா? ஒரு வாரமா இப்படித்தான் வருது. நாங்களும் முதல்ல பயந்தோம். சூடு காட்டினா எறங்கிடுது, குழாய்ல போயிடுது. கெட்ட வாடையும் இல்ல. ஒரு சொட்டு மிச்சம் வெக்க மாட்டேங்குறா. எல்லா அம்மாவும் தண்ணிப் பாலக் கொண்டாந்து அழுவாங்க, நீங்க கெட்டிப் பாலுக்கு அழுவுறீங்க."

"ஒரு வாரமா?"

"இன்னிக்கு நேரா மார்லயே குடுத்துப் பாருங்க. நல்லா உறிஞ்சிக் குடிச்சா சாயங்காலமே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவார் டாக்டர்."

நோர்க்கா சாய்நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்பக்கம் திறந்த அங்கியை மாட்டிவிட்டார்கள். இங்கே குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு வைத்துத் துணியால் கட்டிவிடுவது வழக்கம். தோலோடு தோல் பட்டால்தான் தேறும் என்பார்கள். ஐந்து வாரத்தில் எத்தனையோ தடவை நைராவை இப்படிக் கட்டிவிட்டிருக்கிறார்கள். காய்ந்த சருகு மாதிரி இருப்பாள், கனமே தெரியாது.

இன்று கனத்தாள்.

தொப்பியும் அணையாடையும் மட்டும் போட்ட உடம்பு. கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, தோல் ஒரு சுருக்கம் இல்லாமல் பளபளவென்று. குழந்தையைத் தூக்கிவந்த இன்னொரு நர்ஸ் "என்ன அழகு" என்றாள். நோர்க்காவின் நெஞ்சில் பட்டபோது அந்தத் தோல் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக. லூர்தெஸ் துணியை இறுக்கிக் கட்டினாள், திரையை இழுத்துவிட்டாள், செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

கழுத்து மடிப்பிலிருந்து அந்த வாடை.

நோர்க்கா முகத்தைத் திருப்பவில்லை. திருப்பக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். என் குழந்தை. என் வயிற்றில் கிடந்த குழந்தை. குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டு மார்புப் பக்கம் திருப்பினாள். விரல் ஒட்டியது. மெதுவாக எடுத்தாள். வந்துவிட்டது.

நைரா வாயைத் திறந்தாள். கண்ணைத் திறக்கவில்லை.

பற்றிக்கொண்டாள்.

இழுப்பு. விடுப்பு.

"எப்படிக் குடிக்கிறா?" திரைக்கு வெளியிலிருந்து லூர்தெஸ் கேட்டாள்.

"குடிக்கிறா," என்றாள் நோர்க்கா.

பால் இறங்கியது. பிறகு பால் நின்றது. குழந்தை நிறுத்தவில்லை. மார்பில் ஏதோ நெகிழ்ந்தது. வலி இல்லை. ஊறிய நாடா கழன்று வருவது போல. குனிந்து பார்த்தாள்.

தோல்.

இரண்டு விரல் அகலத்தில், நேர்கோடாக, அவளுடைய தோல் மார்பிலிருந்து பிரிந்து அந்தச் சின்ன வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. பிரிந்த இடம் ரோஜா நிறமாக, பளபளவென்று. ரத்தம் இல்லை. குழந்தையின் தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் ஒரு விரல்கடை நீளம் உள்ளே போனது.

பிடித்து இழுக்கக் கையை எடுத்தாள். இழுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஒட்டிக்கொண்டிருப்பது இவ்வளவுண்டு உதடு. பிறந்து ஐந்து வாரம் ஆன உதடு. பிய்ந்துவிடும்.

கையைக் கீழே போட்டாள்.

குமட்டல் வாய்வரை வந்தது. விழுங்கினாள். கத்தல் வந்தது. அதையும் விழுங்கினாள். திரைக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். பேனா கேட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் தாள் தயாராகிக்கொண்டிருந்தது.

நைராவின் பிடி சூடேறியது. விரல்கள் மெல்ல விரிந்து அவள் விலாவில் பதிந்தன. மார்பில் தோல் தீர்ந்தது. பட்டை அக்குளுக்கு அடியில் திரும்பி முதுகுப் பக்கம் பிரியத் தொடங்கியது. அங்கே நாற்காலி அழுத்திக்கொண்டிருந்தது. வரவில்லை. குழந்தை முகத்தைச் சுளித்து, முனகி, அழப் பார்த்தது.

நோர்க்கா நாற்காலியிலிருந்து முதுகை எடுத்து, மெதுவாகத் திரும்பிக் கொடுத்தாள்.